ஒருவரும் ஒன்றும்: முத்துக்குளித்துறைத் தமிழில் திரித்துவம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘கடற்கரையும் தமிழும்’ என்று பொதுவாக ஒரு தலைப்பைத் தந்து, எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று உரிமையும் தந்தீர்கள். அந்த உரிமையைச் சற்றுத் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுள் என்ற கிறித்தவக் கொள்கையும், அதற்கு மறைநூலில் ஆதாரம் உண்டா என்ற பழைய வழக்கும் இன்று என் பொருள். அவையில் பல சமயத்தார் இருக்கின்றீர்கள். சமயமே வேண்டாம் என்பாரும் உளர். அஞ்சவேண்டா. நான் மறைக்கல்வி நடத்த வரவில்லை. மூலபாட ஆய்வில் பட்டம் பெற்றவள். பாடபேதமும் வேற்றுமை உருபும் வினைமுற்றுமே என் தொழில். அந்த வழியாகவே இவ்வழக்கினுள் நுழைகிறேன்.

நுழைவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் தந்தையைப் பெற்ற பாட்டி கடற்கரைக் கத்தோலிக்கர். தாயைப் பெற்ற பாட்டி தேரிக்காட்டுப் பக்கத்துச் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு மறைநூல்கள் இருந்தன. ஒன்றில் இருந்த வாக்கியம் மற்றொன்றில் இல்லை. அந்த ஒரு வாக்கியம் வீட்டில் உண்டாக்கிய சங்கடத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் கடற்கரை. 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். பெற்றவர்க்கு எதை நம்புகிறோம் என்று சொல்லித்தர மொழி அறிந்த குரு இல்லை. 1542-இல் பிரான்சிசு சவேரியார் வந்தார். போர்த்துக்கீசியமும் தமிழும் அறிந்த சிலரை வைத்துக்கொண்டு விசுவாச அறிக்கையையும் செபங்களையும் தமிழில் ஆக்கி, மனனம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஒப்புவிக்கச் செய்தார். அவர் 1544-இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்று, தமிழாசிரியர் எல்லாரும் படிக்கத்தக்கது. ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றுவிட்டதைக் கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடச் சொல்கிறார். கிறித்து பாடுபட்டதைச் சொல்லுமிடத்தில் வலுவந்தம் என்னும் பொருள்படும் சொல் ஒன்று நுழைந்திருந்தது. அவர் தாமாக விரும்பி ஏற்ற பாடல்லவா, ஆகவே அதையும் நீக்கச் சொல்கிறார்.

எண்ணிப் பாருங்கள். இரண்டாண்டுக் காலம் இக்கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் மூவொரு கடவுளை ‘நம்புகிறேன்’ என்று சொல்லவில்லை. ‘எனக்கு வேணும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். பிழைதான். ஆயினும் கவிஞர்களாகிய உங்களுக்கு அந்தப் பிழையின் மீது ஒரு பரிவு பிறக்குமென்றே எண்ணுகிறேன். எனக்குப் பிறந்தது.

பின்னர் வந்த அண்ட்ரிக் அடிகளார் வேறுவகை மனிதர். தமிழை இலக்கணமாகவே கற்றார். 1549 அளவில் அவர் போர்த்துக்கீசியத்தில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப்படி லிசுபனில் இருக்கிறது. 2013-இல் அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு நூலாயிற்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. அவர் 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார். அவர் நூல்களையும் தத்துவ போதகர் நூல்களையும் 1960-களில் பதிப்பித்து மீட்டவர் அருட்டிரு ச. இராசமாணிக்கம் அடிகள், வெளியிட்டது இந்நகரத்துத் தமிழ் இலக்கியக் கழகம். தூத்துக்குடிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, சொல்லிக்கொள்ள வேண்டும்.

நிற்க. இந்நூல்கள் செபமும் வினாவிடையுமே, மறைநூல் அல்ல. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது 1714-15-இல், தரங்கம்பாடியில், சீகன்பால்கு என்ற லுத்தரன் பாதிரியார் கையால். கடற்கரைக் கத்தோலிக்கர் வீட்டுக்குள் மறைநூல் வர அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே இக்கரையில் திரித்துவம் நூலிலிருந்து வந்த கொள்கை அன்று. நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் கைவைத்துச் சொல்லும் வாய்மொழியாய் வந்தது. ஆதாரம் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கையில் நூலும் இல்லை.

வாய்மொழிக்குள் வந்த சொற்களை மட்டும் சற்றுத் தொட்டுப் பார்ப்போம். பிதா, சுதன் இரண்டும் வடசொல். மூன்றாமவர் மட்டும் ‘இஸ்பிரீத்து சாந்து’. இலத்தீன் வழி வந்த போர்த்துக்கீசியப் பெயர் பெயர்க்கப்படாமலே நின்றுவிட்டது. என் தந்தைவழிப் பாட்டி கடைசிவரை அப்படியேதான் சொன்னார். கோயிலில் ‘பரிசுத்த ஆவி’ என்றும், பின்னர்த் ‘தூய ஆவி’ என்றும் மாறியபோது அவர் மாறவில்லை. நான் ஒருமுறை திருத்தினேன். “ஆவின்னா பேய்ல்லா? செபத்துல பேயைக் கூப்பிடச் சொல்லுதியாளா?” என்றார். சிரித்துவிட்டேன். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதுதான் அது சிரிக்கத்தக்க கேள்வியன்று என்று தெரிந்தது.

அந்த ஒரு சொல்லைப் பெயர்ப்பதில் உள்ள இடர் இதுதான். கிரேக்க மொழியில் ஆவியைக் குறிக்கும் சொல் ஆண்பாலும் அன்று, பெண்பாலும் அன்று; பொதுமைப்பால். எபிரேயத்தில் பெரும்பாலும் பெண்பால். அம்மொழிகளில் பால் என்பது சொல்லின் ஆடை. பொருளைப் பற்றி அது உறுதி ஒன்றும் சொல்வதில்லை. தமிழில் அப்படியன்று. நமக்குத் திணையும் பாலும் பொருளைப் பற்றியவை. மக்கள், தேவர், நரகர் உயர்திணை, பிற அஃறிணை. வினைமுற்றைச் சொல்லும் கணத்தில் ‘வந்தார்’ என்பதா, ‘வந்தது’ என்பதா என்று முடிவு செய்தே ஆகவேண்டும். இயேசு யோர்தானில் முழுக்குப் பெற்றபோது ஆவி புறா வடிவில் இறங்கிய நிகழ்ச்சியைப் பாருங்கள். லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரம். பவர் ஐயர் தலைமையில் 1871-இல் நிறைவான மொழிபெயர்ப்பு ‘ஆவியானவர்’ என்று எழுதி ‘இறங்கினார்’ என்று முடிக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் அவ்விடத்தில் ‘ஆவி’ என்று எழுதி ‘இறங்கியது’ என்கிறது. வேறிடங்களில், ஆவி பேசும்போதும் ஏவும்போதும், ‘ஆவியார்’ என்கிறது.

ஆவி கடவுளின் ஆற்றலா, கடவுளாகிய ஓர் ஆளா என்று நான்காம் நூற்றாண்டில் ஆயர்கள் மாமன்றம் கூட்டி வாதிட்ட கேள்வியைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு விகுதியில் தீர்க்க வேண்டியிருக்கிறது. தீர்க்காமல் மழுப்பவும் இலக்கணம் இடம் தராது.

யோவான் நற்செய்தியின் தொடக்கமும் இத்தகையது. 1871 மொழிபெயர்ப்பில் முதல் வசனத்து ‘வார்த்தை’ அஃறிணை முடிபு கொள்கிறது. இரண்டாம் வசனத்தில் அதுவே ‘அவர்’ ஆகி உயர்திணை முடிபு கொள்கிறது. இரண்டு வசனங்களின் இடைவெளியில் ஒரு சொல் ஓர் ஆள் ஆகிவிடுகிறது. குற்றமா? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளாயினும் பால் பிரிந்து இசையாத சொற்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். காலம், உலகம், உயிர், தெய்வம், ஞாயிறு, திங்கள் முதலியன அதில் உள்ளன. பட்டியலின் இறுதியில் நிற்பது எது தெரியுமா? ‘சொல்’. உரையாசிரியர்கள் அதை நாமகள் என்று கொண்டனர். தொல்காப்பியர் யோவானை அறியார். அப்படி நான் சொல்வதாக எவரும் எழுதிவிட வேண்டாம். மேன்மையான ஒன்றை ‘அது’ என்பதா, ‘அவர்’ என்பதா என்ற தயக்கம் தமிழுக்கு முன்பே பழக்கமானது என்பதே என் கருத்து.

‘ஆள்’ என்றேனே, அதுவும் நம் வினாவிடைச் சொல்தான். ஒரே சர்வேசுரன், மூன்று ஆட்கள் என்று ஒப்புவித்தோம். இலத்தீனில் அதற்கு நேரான சொல் நாடகத்து முகமூடியிலிருந்து வந்தது என்பர். நம் சொல்லோ ஆளுதலோடு உறவுடையது. துறைமுகத்திலும் தோணியிலும் எத்தனை ஆள் என்று எண்ணிப் பழகிய மக்களுக்கு மூன்று ஆள் என்றால் மூன்று பேர்தான். பிறகு ஒரே சர்வேசுரன் என்றால் விழிக்காமல் என் செய்வர்? இதற்கு விளக்கமாக நீர், பனிக்கட்டி, நீராவி என்று உவமை சொல்வாருண்டு. ஒரே நீர் மூன்று நிலையில் மாறி மாறித் தோன்றுவது போலக் கடவுளும் என்றால், அது மூன்றாம் நூற்றாண்டிலேயே சபெல்லியுசு என்பவர் பெயரால் விலக்கப்பட்ட கொள்கை. கவிஞர்கள் மன்னிக்க வேண்டும். உவமை உதவாத இடமும் உண்டு.

இனி நூல் ஆதாரத்துக்கு வருகிறேன். ‘திரித்துவம்’ என்ற சொல் மறைநூலில் எங்கும் இல்லை. 325-இல் நிக்கேயா மாமன்றம், மகன் தந்தையோடு ஒரே பொருண்மையினர் என்று அறுதியிட்ட சொல்லும் மறைநூலில் இல்லாததே. மறைநூலில் இல்லாத சொல்லைக் கொண்டு மறைநூலுக்குப் பொருள் உரைக்கலாமா என்று அப்போதே தயங்கியவர் பலர். இயேசுவே தந்தை தம்மிலும் பெரியவர் என்று சொல்லும் இடமும் (யோவான் 14:28), அந்த நாளைத் தந்தையன்றி மகனும் அறியார் என்னும் இடமும் (மாற்கு 13:32) ஆரியுசு பக்கத்தார்க்குப் படைக்கலங்கள். எதிர்ப்பக்கத்தார்க்கு யோவான் 10:30: தாமும் தந்தையும் ஒன்று என்று இயேசு சொல்வது. அங்கே கிரேக்கத்தில் உள்ளது ‘ஒருவர்’ என்னும் சொல்லன்று, ‘ஒன்று’ என்னும் சொல். தெர்த்துல்லியன் என்ற இலத்தீன் ஆசிரியர் மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்த வேறுபாட்டைச் சுட்டினார்: ஆட்கள் இருவர், பொருள் ஒன்று. இந்த ஓரிடத்தில் தமிழுக்கு இடரே இல்லை. ஒருவரும் ஒன்றும் நமக்கு என்றைக்கும் வேறு வேறு சொற்கள். மொழிபெயர்ப்பும் தடுமாறாமல் வந்திருக்கிறது.

இனிதான் அலமாரிச் சங்கதி. மூவரும் ஒன்றே என்று வெளிப்படையாகச் சொல்லும் வாக்கியம் மறைநூல் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான்: 1 யோவான் 5:7. பரலோகத்தில் சாட்சி பகரும் மூவரைப் பெயர் சொல்லி, அவர்கள் ஒன்று என்கிறது. என் தாய்வழிப் பாட்டியின் வேதாகமத்தில் அதன்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தது. 1995-இல் நான் பள்ளி மாணவி. வீட்டுக்குத் திருவிவிலியம் வந்தது. புதிய தமிழ் நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் மாலைச் செபத்தில் அந்த அதிகாரத்தை அதிலிருந்து வாசித்தேன். ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்று சான்றுகள் வந்தன. பரலோகத்து மூவர் வரவில்லை. பாட்டி நிறுத்தச் சொன்னார். தம் நூலை எடுத்துவரச் செய்து சரிபார்த்தார். பிறகு என் தந்தையைப் பார்த்து, “மாப்பிள்ளை, உங்க ஆள்க இதையும் எடுத்துட்டாவளா?” என்று கேட்டார். தந்தைக்கு விடை தெரியவில்லை. அந்த நூலில் இரு சபையாரும் கையெழுத்திட்டிருந்தனர் என்பது பாட்டிக்கும் தெரியாது. அன்று இரவு எவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உண்மை என்னவென்று ஆய்வு மாணவியான பிறகே அறிந்தேன். அந்த வாக்கியம் பழைய கிரேக்கச் சுவடிகளில் இல்லை. நான்காம் நூற்றாண்டில் திரித்துவத்துக்காக உயிரைக் கொடுத்து வாதிட்ட கிரேக்க ஆசிரியர் ஒருவர்கூட அதை எடுத்தாளவில்லை. கையில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் எடுத்திருப்பார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் இலத்தீன் நூல் ஒன்றில் தலைகாட்டுகிறது. நீர், இரத்தம், ஆவி என்ற மூன்றுக்கும் யாரோ எழுதிய உட்பொருள் விளக்கம் ஓரத்திலிருந்து மூலத்துக்குள் புகுந்தது என்பதே ஆய்வாளர் கருத்து. ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிதா? உரைக்குறிப்பு செய்யுளோடு ஒட்டிக்கொள்வதும், கம்பனில் பிறர் பாடல் ஏறிக்கொள்வதும் நாம் கண்டவைதாமே! நம் பதிப்பாசிரியர்கள் அவற்றை ‘மிகைப்பாடல்’ என்று தனியே ஒதுக்கி வைக்கவில்லையா?

எராசுமுசு 1516-இலும் 1519-இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அவ்வாக்கியத்தைச் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தது. அது உள்ள கிரேக்கச் சுவடி ஒன்று காட்டப்பட, 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கும், பின்னர் நம் 1871 வேதாகமத்துக்கும் வந்தது. மார்ட்டின் லுத்தர் தம் வாழ்நாளில் அதைத் தம் செருமன் மொழிபெயர்ப்பில் சேர்க்கவில்லை. ஐசக் நியூட்டன் அது இடைச்செருகல் என்று 1690-இல் எழுதி, அச்சிட அஞ்சி வைத்திருந்தார். அவர் இறந்து நெடுநாள் கழித்து 1754-இல் வெளிவந்தது. உரோமைத் திருச்சபை 1897-இல் அவ்வாக்கியத்தை மறுப்பது தகாதென்றது. 1927-இல் அறிஞர் ஆய்ந்து முடிவு செய்யலாம் என்று இடம் தந்தது. முப்பதே ஆண்டில் மனம் மாறியிருக்கிறது. மூலபாட ஆய்வு இவ்வளவு விரைவாக வென்ற வழக்குகள் குறைவு.

அந்த வாக்கியம் போனால் கொள்கையும் போயிற்று என்று முடிவு கட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். திருவேங்கடம் என்ற இயற்பெயருடைய வேளாளர். பணியாளராக இங்கிலாந்து சென்று, கிறித்தவராகி, வில்லியம் ராபர்ட்சு ஆனார். பிரீசுட்லி, லிண்ட்சே ஆகியோரின் நூல்களைப் படித்து, கடவுள் ஒருவரே, இயேசு அவரால் அனுப்பப்பட்டவர் என்னும் யூனிட்டேரியன் கொள்கைக்கு வந்தார். சென்னைக்குத் திரும்பிப் புரசைவாக்கத்தில் ஒரு சிறு சபையை உண்டாக்கினார். அச்சபை தன் தொடக்கத்தை 1795 என்று கொள்கிறது. தமிழில் வழிபாட்டு நூலும் சிறு நூல்களும் எழுதினார். 1838-இல் மறைந்தார். கப்பல் ஏறிப்போன ஒரு பணியாள், துணைக்குக் கல்லூரியோ மடமோ இல்லாமல், மறைநூலைத் தானே வாசித்து, ஆட்சியாளரின் சமயக் கொள்கையோடு மாறுபட்டு நின்றிருக்கிறார். நம் உரைநடை வரலாறுகள் அவருக்கு ஒரு பத்திகூடத் தருவதில்லை. அவர் முடிவை நான் ஏற்பவள் அல்லேன். ஆனால் அவரை விட்டுவிட்டு எழுதப்படும் கிறித்தவத் தமிழ் வரலாறு குறையுடையது என்றே சொல்வேன்.

அவர் காலத்திலேயே கல்கத்தாவில் இதே வழக்கு இலக்கணச் சண்டையாகவே வெடித்தது. இராசாராம் மோகன்ராய் 1820-இல் இயேசுவின் அறிவுரைகளை மட்டும் தொகுத்து வெளியிட, செராம்பூர் மார்சுமன் கண்டித்தார். இதற்கிடையே ராய், வில்லியம் ஆடம், யேட்சு ஆகியோர் கூடி நற்செய்திகளை வங்காளியில் பெயர்க்க முனைந்தனர். யோவான் 1:3-இல் தடை வந்தது. அனைத்தும் வாக்கு ‘ஆல்’ ஆயினவா, வாக்கின் ‘வழியாக’ ஆயினவா? முன்னது என்றால் அவர் படைத்தவர்; பின்னது என்றால் படைப்பின் கருவி. யேட்சு விலகிக்கொண்டார். ஆடம் 1821-இல் திரித்துவக் கொள்கையையே விட்டார். நன்னூல் படித்த மாணவர் எவரும் புன்முறுவல் செய்வர்: மூன்றாம் வேற்றுமை உருபு கருத்தாவுக்கும் உரியது, கருவிக்கும் உரியது. ‘தச்சனால் செய்தது’, ‘உளியால் செய்தது’. வங்கத்தில் இருவரைப் பிரித்த கேள்விக்கு நம் ‘ஆல்’ இரண்டு விடையையும் ஒருங்கே வைத்திருக்கிறது. ஆனால் 1871 மொழிபெயர்ப்பாளர் அவ்வசனத்தின் முதற்பகுதியில் அதை எடுக்கவில்லை. ‘மூலமாய்’ என்றே எழுதினர். வினைமுற்றில் மௌனத்துக்கு இடம் தராத தமிழ், உருபில் தந்த இடத்தை அவர்கள் அங்கே ஏன் பயன்படுத்தவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பே.

ஆய்வு முடித்த ஆண்டில் பாட்டிக்கு எண்பது தாண்டியிருந்தது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று பல மாதம் தயங்கினேன். வகுப்பில் இடைச்செருகலைத் துணிந்து காட்டுபவள், வீட்டில் வாய் மூடியிருந்தேன். அவர் காலம் முடியட்டும் என்றே உறவினர் சொன்னார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சொல்லிவிட்டேன். சுவடி, ஓரக்குறிப்பு, எராசுமுசு எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“மத்தேயு கடைசி அதிகாரம் இருக்கா?” என்றார்.

“இருக்கு பாட்டி. எல்லாச் சுவடியிலும் இருக்கு.”

“அதுல மூணு பேரையும் சொல்லி, ஒரே நாமத்துலதான குடுக்கச் சொல்லுது? நாமங்கள்னா சொல்லுது?”

இல்லை, கிரேக்கத்திலும் ஒருமைதான். நான் அதுவரை அந்த ஒருமையைக் கவனித்திருக்கவில்லை. வில்லியம் ராபர்ட்சு அங்கே இருந்திருந்தால், மூவரை ஒருங்கே சொன்னதால் மூவரும் சமம் என்று ஆகிவிடுமா என்று கேட்டிருப்பார். பாட்டி அவரையும் விட்டிருக்கமாட்டார்; காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பொழுது சாயுமட்டும் பேசியிருப்பார். என்னை அடுத்த அதிகாரம் வாசிக்கச் சொன்னார். எந்த நூலிலிருந்து என்று கேட்டேன். “கண்ணுக்குப் பெரிய எழுத்தா இருக்கதை எடு” என்றார். திருவிவிலியத்தை எடுத்தேன்.